ஸ்கிகளுக்கு நடுவில் ஒரு ஆன்டெனா: டாவோஸில் சனல் தேடிய சனிக்கிழமை

சுவிஸில் எம்மன்புரூக்கேயிலிருந்து டாவோஸ் மலைக்குப் போகிறவர்கள் பனியில் சறுக்கத்தான் போவார்கள். நான் ஒரு தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சனல் தேடிக் கொடுக்கப் போனேன். 2012 மார்ச் 10, சனிக்கிழமை. போனது வேறு வேலைக்கென்றாலும் வழி ஒன்றுதான், ஆகவே டாவோஸ் போக நினைப்பவர்களுக்கு நேரம், செலவு எல்லாம் சரியாக எழுதுகிறேன். இடையிடையே என் புலம்பலையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டவர் தவம் அண்ணை. டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் இருபத்திரண்டு வருடமாகச் சட்டி கழுவுகிறார். நாட்டுக்கு வந்த புதிதில் இரண்டு குளிர்காலம் அவருடைய அறையில்தான் நானும் படுத்தேன். பிறகு நான் கீழே இறங்கி எம்மன்புரூக்கே தொழிற்சாலைக்கு வந்துவிட்டேன், அவர் மலையிலேயே தங்கிவிட்டார். வாரநாளில் எனக்கு மெஷின் வேலை, வார இறுதியில் இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளின் ரீவிகளுக்கு நான்தான் வைத்தியர். புதன்கிழமை அண்ணை போன் எடுத்தார்.

“தம்பி, ரீவி செத்துப்போச்சு. சனி பின்னேரத்துக்கு முன்னம் உயிர் குடுக்கோணும்.”

விசயம் இதுதான். அந்தப் பள்ளத்தாக்கில் ஆன்டெனாவில் வரும் சனல்களின் அலைவரிசையை மாற்றியிருந்தார்கள். ஐம்பதுகளில் இருந்த எண் முப்பதுகளுக்கு இறங்கியது, ஒளிபரப்பும் வேறு கோபுரத்துக்குப் போனது. திரையின் அடியில் இரண்டு கிழமையாக எழுத்து ஓடியிருக்கிறது: இன்ன திகதிக்குப் பிறகு மறுபடி தேடுங்கள் என்று. அண்ணை அதை விளம்பரம் என்று விட்டுவிட்டார். நானும் போனிலேயே அந்த பட்டனை அழுத்துங்கோ, இந்த பட்டனை அழுத்துங்கோ என்று சொல்லிப் பார்த்தேன். பழைய பட்டியல் அழிந்தது, புதிதாக ஒன்றும் வரவில்லை. வைத்தியர் தொட்டு நோய் கூடினதுதான் மிச்சம்.

“அப்பிடி என்ன அண்ணை சனிக்கிழமை அவசரம்?” என்று கேட்டேன்.

“செய்தி பாக்கோணும்,” என்றார்.

ஜெர்மன் செய்தி! இருபத்திரண்டு வருடத்தில் அவர் அதை ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு அவருடைய மனைவி புனிதம் அக்கா போனை வாங்கி, குரலைத் தணித்து உண்மையைச் சொன்னார். சனி மாலை ஆறரைக்கு அவர்களுடைய ஒரே மகள் சாருகா ரீவியில் வரப்போகிறாள்.

சாருகா படிப்பில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் கிம்னாசியப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று வாத்தியாரே சொன்னார். அவளோ லுட்சேர்னில் ஒரு ஹோட்டலில் சமையல் பழகப் போகிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாள். “நான் இவ்வளவு காலம் சட்டி கழுவினது நீயும் கிச்சனுக்கை நிக்கிறதுக்கே?” என்று அண்ணை கத்தியிருக்கிறார். அவளும் ஏதோ திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஒன்றரை வருடம். இப்போது தொழில் பழகும் இளம் ஆட்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியில் அவளையும் எடுத்திருக்கிறார்கள்.

“வேற ஆக்களின்ரை வீட்டிலை போய்ப் பாக்க அவர் வரமாட்டார் தம்பி,” என்றார் அக்கா. “எங்கட வீட்டிலை எண்டால் தற்செயலாப் பாக்கிற மாதிரி இருந்து பாப்பார். பாத்தாலாவது மனம் இளகாதோ? நீ வா.”

இதைக் கேட்ட பிறகு எப்படிப் போகாமல் இருப்பது?

எம்மன்புரூக்கேயில் காலை 7.14க்கு ஏறினேன். லுட்சேர்ன் ஐந்து நிமிடம். அங்கே 7.35க்கு சூரிச் ரயில், 8.25க்கு சூரிச். 8.37க்கு கூர் போகும் ரயில், 9.41க்கு லண்ட்குவார்ட். ஆறு நிமிடத்தில் எதிரே நிற்கும் சிவப்பு ரயிலில் மாறினால் 10.55க்கு டாவோஸ் பிளாட்ஸ். மொத்தம் ஏறக்குறைய 210 கிலோமீட்டர். ஹல்ப்டாக்ஸ் என்ற அரைக் கட்டண அட்டையோடு போக வர 72 பிராங் ஆனது. சூரிச் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், வாலன் ஏரி முழுக்க அந்தப் பக்கம்தான். நான் வலது பக்கம் உட்கார்ந்து மதில்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

என்னிடம் ஒன்றேகால் மீட்டர் நீளத்தில் ஒரு கூரை ஆன்டெனா இருந்தது, பழைய போர்வையில் சுற்றிக் கட்டியது. லண்ட்குவார்ட்டில் சிவப்பு ரயிலுக்குள் எல்லோரும் ஸ்கி வைக்கிற சட்டத்தில் நானும் அதைச் செருகினேன். டிக்கெட் பார்க்க வந்தவர் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளைக் கண்டு நின்றுவிட்டார்.

“இதைக் காலில் கட்டிக்கொண்டு எந்த மலையில் இறங்கப் போகிறீர்கள்?” என்று சுவிஸ் ஜெர்மனில் கேட்டார்.

“மலையில் இல்லை, ஒரு வீட்டு பல்கனியில்,” என்றேன். விபரம் சொன்னதும் மனிதர் பெருமூச்சு விட்டார். அவருடைய மாமியார் வீட்டிலும் இதே கதையாம். மூன்று முறை தேடி, மூன்று முறையும் வானொலி மட்டும்தான் வந்ததாம். “உங்கள் நம்பரைத் தாருங்கள்,” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பாருங்கள், தொழில் எனக்கு ரயிலிலேயே பெருகுகிறது.

கிளோஸ்டர்ஸ் தாண்டி ரயில் ஏறஏறப் பனி ஜன்னல் உயரத்துக்கு வந்தது. டாவோஸ் 1560 மீட்டர் உயரம், காலுறை இரண்டு சோடி போடுங்கள். நிலையத்திலிருந்து அண்ணை வீட்டுக்கு பஸ்ஸில் பத்து நிமிடம்.

கட்லட் மணம் படியிலேயே வந்தது. தவம் அண்ணை ஏப்ரனோடு கதவைத் திறந்தார். வீட்டில் சமையல் அவர்தான். “வா, வா. செய்தி ஆறரைக்கு,” என்றார். அக்கா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினார்.

சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு வேலையைத் தொடங்கினேன். பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, முழுத் தேடல் கொடுத்தேன். ஏழு நிமிடம் ஓடி, சனல் பூச்சியம். இன்னொரு முறை, பூச்சியம். புதிய எண்ணைக் கையால் அடித்துப் பார்த்தேன். அலை ஒன்பது வீதம் காட்டியது, படம் கட்டங்கட்டமாக உடைந்து விழுந்தது. பெரிய ஆன்டெனாவைப் பல்கனியில் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் குளிரில் நின்றேன். விரல் விறைத்ததே தவிர வீதம் ஏறவில்லை. வீட்டு மேற்பார்வையாளர் கீழேயிருந்து பார்த்துவிட்டு, பல்கனியில் ஒன்றும் பொருத்தக் கூடாது என்று சத்தம் வைத்தார்.

மூன்று மணிக்கு மானத்தை விட்டு, கீழ்வீட்டு சுவிஸ் அம்மாவின் மணியை அடித்தேன். உங்கள் ரீவி வேலை செய்கிறதா என்று கேட்டேன். கூட்டிப்போய்க் காட்டினார். குசினியில் பிரிட்ஜின் மேல் ஒரு சாண் ஆன்டெனா. படம் கண்ணாடி மாதிரி. “முதல் தேடலிலேயே வந்துவிட்டது,” என்றார். கோதாரி விழுந்த ஒரு சாண் கம்பி! எனக்கு வந்த எரிச்சலை இங்கே எழுத முடியாது.

மேலே வந்தேன். நாலு, நாலரை, ஐந்து. அண்ணை ‘எனக்கென்ன’ என்ற மாதிரி ஒரு பழைய விளம்பரத் தாளை வாசித்துக்கொண்டிருந்தார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கால் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மகளின் முகத்தைப் பார்க்க ஒரு மனுசன் காத்திருக்கிறார், என்னால் ஒரு படம் கொண்டுவர முடியவில்லை.

ஐந்தரைக்கு அக்கா தேநீர் போட்டார். கீழ்வீட்டில் பார்த்தது உறுத்திக்கொண்டே இருந்ததால், பையில் கிடந்த ஒரு சின்ன ஆன்டெனாவையும் அலை அளக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனேன். எண்பத்திரண்டு வீதம்! வாசலைத் தாண்டி, ரீவி இருக்கும் ஹோலுக்குள் வந்தேன். ஒன்பது. மறுபடி உள்ளே, எண்பத்திரண்டு. அப்போதுதான் குசினிக்கும் ஹோலுக்கும் நடுவிலிருந்த சுவரைப் பார்த்தேன். அடுப்புக்குப் பின்னால் தொடங்கி, கூரை வரைக்கும், மூலை வரைக்கும், பளபளவென்று அலுமினியத் தாள்.

நம் வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. தாளித்தால் எண்ணெய் தெறிக்கும், சுவர் மஞ்சளாகும், வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் வீட்டுக்காரன் பூதக்கண்ணாடியோடு வருவான். அதனால் தாள் ஒட்டுவோம். அண்ணை வீட்டில் பழையதைக் கழற்றாமல் ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் புதியதை மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஆறு அடுக்கு. முன்பு அலை பல்கனிப் பக்கத்திலிருந்து வந்தது, அதனால் பிழை தெரியவில்லை. புதிய கோபுரம் இருப்பது குசினிப் பக்கம். வருகிற அலையெல்லாம் இந்தத் தாளில் பட்டுத் திரும்பிப் போகிறது.

“அக்கா, இது ரீவியின்ரை பிழை இல்லை. இந்தச் சுவரின்ரை பிழை,” என்றேன்.

அக்காவுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். உடனே முகம் மாறியது. “ஐயோ, உதைக் கழட்டினால் பெயின்ரும் சேர்ந்து வருமே! வீட்டுக்காரன் எங்களைச் சும்மா விடுவானோ? ரீவியைக் குசினிக்கை கொண்டு வாவன்.”

ரீவி சுவரில் ஆணி அடித்துப் பூட்டியது. கழற்றும் சாவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆன்டெனாவைக் குசினியில் வைத்து ஹோல் வரை இழுக்க என்னிடம் இருந்த வயரும் இரண்டு மீட்டர் குறைவு. கடைகள் பூட்டும் நேரம். மணி ஐந்து ஐம்பத்தைந்து.

பேச்சுச் சத்தம் கேட்டு தவம் அண்ணை வாசலில் வந்து நின்றார். நேரே போய், மூலையில் நகத்தைக் கொடுத்து, தாளைப் பிடித்து ஒரே இழுவை இழுத்தார். சர்ரென்று கூரை வரை கிழிந்தது.

“என்னப்பா செய்யிறியள்? வீட்டுக்காரன்...”

“வீட்டுக்காரன் கிடக்கட்டும்! பிள்ளை வரப்போறாள்!”

சொன்ன பிறகுதான் தான் சொன்னதை அவரே கேட்டார். முகம் சிவந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல் மற்ற மூலையைக் கிழிக்கத் தொடங்கினார். அக்காவும் கூடச் சேர்ந்து கிழித்தார். நானும்தான். பெயின்ட் கொஞ்சம் வந்தது உண்மை. ஆறு பதினேழுக்குத் தேடல் கொடுத்தேன். பன்னிரண்டு சனல்.

சாருகா வந்தது ஏழு நிமிடமோ எட்டு நிமிடமோ. வெள்ளைச் சட்டை, தலையில் துணி, கையில் பெரிய வாணலி. ஏன் இந்தத் தொழில் என்று கேட்டார்கள். சுவிஸ் ஜெர்மனில் படபடவென்று பதில் சொன்னாள்: “என்ரை அப்பா ஹோட்டல் குசினியின் கடைசி மூலையில் நிற்கிறவர். அங்கிருந்து அடுப்புக்குப் பத்து அடி. அவரை அந்தப் பத்து அடி நடக்க ஒருத்தரும் விடவில்லை. நான் நடந்தேன்.”

அண்ணைக்கு அவ்வளவு ஜெர்மன் நன்றாக விளங்கும். எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

“போன் எடுங்கோவன் அண்ணை,” என்றேன்.

“நான் எடுத்தால் அவள் எடுக்கமாட்டாள்,” என்றார்.

மறுநாள் 11.02 ரயிலுக்கு நிலையம் வரை வந்தார். கையில் ஐஸ்கிரீம் டப்பா, உள்ளே கட்லட். “பன்னிரண்டு கிடக்கு. உனக்கு நாலு காணும். நீ லுட்சேர்னிலை இறங்கித்தானே மாறுறாய்...” என்று இழுத்தார். டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ரயிலில் இருந்து எழுதியவை இவை. அலைவரிசை மாறினால் முதலில் பழைய பட்டியலை முழுதாக அழித்துவிட்டுத் தேடுங்கள். புதிய கோபுரம் எந்தப் பக்கம் என்று கடையில் கேளுங்கள், ஆன்டெனாவை அந்தப் பக்கச் சுவருக்கோ ஜன்னலுக்கோ கொண்டுபோங்கள். பத்து மீட்டர் வயர் வைத்திருங்கள், ஐந்து காணாது. பெரிய ஆன்டெனா வாங்க முன் கீழ்வீட்டு மணியை அடியுங்கள். டாவோஸில் ஒரு இரவு தங்கினால் சனிக்கிழமை ஓடிய களைப்புத் தெரியாது, ஞாயிறு காலைப் பனி வெயிலில் நடக்கவும் முடியும்.

லுட்சேர்னில் இரண்டரைக்கு இறங்கி, அவள் வேலை செய்யும் ஹோட்டலின் பின்கதவுக்குப் போனேன். சாருகா வெள்ளைச் சட்டையோடு ஓடி வந்தாள்.

“மாமா! அம்மா சொன்னவா. அப்பா பாத்தவரோ?”

“பாத்தவர். முழுக்கப் பாத்தவர்,” என்று டப்பாவை நீட்டினேன்.

திறந்து, நின்ற நிலையிலேயே ஒன்றைக் கடித்தாள். மென்றாள். கண்ணை மூடி இன்னொரு கடி. பிறகு ஒரு சமையல்காரியின் முகத்தோடு சொன்னாள்: “உப்புக் காணாது.”

“அப்பாட்டைச் சொல்லிவிடட்டோ?”

“வேண்டாம் மாமா,” என்று போனை எடுத்தாள். “நானே சொல்லுறன்.”

முதல் மணி முழுதாக அடிக்கவில்லை. அங்கே அண்ணை எடுத்துவிட்டார்.