எழுநூற்று நாற்பது காலர்

எங்கள் கம்பெனியில் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டால் பட்டத்தைக் கூட்டித் தருவார்கள். செக்கிங் பண்ணிக்கொண்டிருந்தவர் ஒரு தீபாவளிக்கு குவாலிட்டி மேனேஜர் ஆனார். அவருக்குக் கீழே இருந்த ஒரே பெண் அடுத்த பொங்கலுக்கு அசிஸ்டென்ட் குவாலிட்டி மேனேஜர் ஆனாள். இப்படியே போய், பல்லடம் ரோட்டில் இருக்கிற அந்தச் சின்ன பனியன் கம்பெனியில் பதினொரு டெய்லருக்குப் பதினாலு மேனேஜர் என்று ஆகிப்போனது. எட்டாவதோடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்த நானே புரொடக்‌ஷன் இன்சார்ஜ் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயுத பூஜைக்கு மேனேஜர்களுக்கெல்லாம் காலர் வைத்த டிஷர்ட், மற்றவர்களுக்கு ரவுண்ட் நெக். வருசா வருசம் காலர்தான் அதிகம் தைப்போம். "நம்ம கம்பெனியில கூட்டறதுக்கு ஆளில்லீங்க்கா, கூட்டச் சொல்றதுக்குத்தான் பதினாலு பேரு" என்பார் கட்டிங் மாஸ்டர். அவருடைய வாய்க்காகவே அந்தப் பக்கம் அடிக்கடி போவேன்.

போன வருசம், மொதலாளியோடு மூலனூரில் ஒன்றாகப் படித்தவர் ஒருத்தர் மிலிட்டரியிலிருந்து லீவில் வந்தார். ஜவானாகச் சேர்ந்து இருபத்துநாலு வருசம் கழித்து, அப்போதுதான் நாயப் சுபேதார் ஆகியிருந்தார். அது என்ன உத்தியோகம் என்று கேட்டேன்.

"ஆபீசரும் இல்லீங்க, ஜவானும் இல்லீங்க. ரெண்டுக்கும் நடுவுல வாசப்படிங்க. உள்ள போறவரும் மிதிப்பாரு, வெளிய வர்றவனும் மிதிப்பான்" என்று சிரித்தார்.

அவர்கள் பட்டாலியனுக்கு ஆண்டு விழா வருகிறது, எல்லோருக்கும் டிஷர்ட் வேண்டும். இத்தனை நாளும் வடக்கே ஒரு கடையில்தான் எடுத்தார்களாம். "எங்க ஊரே பனியன் ஊருங்க சார், நான் கொண்டாறேன்" என்று கர்னலிடம் இவர் வாயைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். ஆபீசர்களுக்கும் சுபேதார்களுக்கும் காலர், ஜவான்களுக்கு ரவுண்ட் நெக். கிளம்பும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "எனக்கு இது மொதக் காலருங்க்கா. இத்தனை வருசமும் வட்டக் கழுத்துதான். என்னோட சைசை மட்டும் மறந்துறாதீங்க."

அவர் திரும்பிப் போய் ஒரு வாரத்தில் ஆர்டர் ஷீட் வந்தது. காலர் அறுபது, ரவுண்ட் நெக் எழுநூற்று நாற்பது.

நான் பார்த்தேன். கட்டிங் மாஸ்டர் பார்த்தார்.

"மாத்தி அடிச்சிருக்காங்க்கா" என்றார். "வேலை செய்யறவன் எழுநூத்திச் சொச்சம், மேய்க்கறவன் அறுபதுன்னா நம்பற மாதிரியா இருக்குது? அப்படி ஒரு எடம் இருந்தா நானே போய்ச் சேந்துருவேன்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. இதற்கு முன்னால் எங்களிடம் சரக்கு வாங்குகிற ஒரு வெளிநாட்டு பையர் ஆம்பளை சைசையும் பொம்பளை சைசையும் மாற்றி அனுப்பினதை நான்தான் கண்டுபிடித்தேன். அதிலிருந்து மொதலாளி என் கண்ணை ஸ்கேனர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தலைக்கனம் வேறு.

மிலிட்டரிக்காரருக்கு போன் போட்டேன். மலைமேலே எங்கேயோ இருந்தார், கிடைக்கவில்லை. 'காலர்தானுங்களே ஜாஸ்தி?' என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஒத்த டிக். காலரைத் தனியாகப் பின்னித் தருகிறவரோ, மத்தியானத்துக்குள் எண்ணிக்கை சொல்லாவிட்டால் வேறு ஆளுக்கு மெஷினைக் கொடுத்துவிடுவேன் என்று நிற்கிறார். மொதலாளியைக் கேட்டேன்.

"மிலிட்டரின்னாலே ஆபீசர்தானுங்க்கா. எங்க ஊர்ல யாரு லீவுக்கு வந்தாலும் ஆபீசர்னுதான் கூப்புடுவோம்" என்றார்.

எழுநூற்று நாற்பது காலர் சொல்லிவிட்டேன். துணியை வெட்டி முடித்த பிறகு அந்த மெசேஜுக்குப் பதில் வந்தது, வாயைப் பிளந்து சிரிக்கிற மூன்று பொம்மை. சரி என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சரக்கை எடுக்க அவரே வந்தார். மறுநாள் காலையில் ரயில், போய் இறங்கினால் இரண்டாம் நாள் விழா. முதல் பெட்டியைப் பிரித்தார், காலர். இரண்டாவதைப் பிரித்தார், காலர். ஐந்தாவது பெட்டிக்குப் பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க்கா, நீங்க தமாசுக்குக் கேக்கறீங்கன்னுதானுங்க நான் சிரிச்சேன்."

கட்டிங் மாஸ்டர்தான் வாயைத் திறந்தார். "இல்லீங்க சார், அறுபது பேரு எழுநூறு பேரை எப்படிங்க மேய்ப்பாங்க?"

"எழுநூறு ஆபீசர் இருந்தா காவலுக்கு யாருங்க நிப்பா? ஆளுக்கு ஆள் 'நில்லு'ன்னு சொல்லிட்டுப் போயிருவாங்க." சுற்றிலும் பார்த்தார். பெட்டியைச் சுற்றிப் பதினாலு பேரும் கையைக் கட்டி நின்றோம். "இங்க ஆபீசருங்க எத்தனை பேருங்க?"

மொதலாளி சொன்னார்.

"டெய்லருங்க?"

அதையும் சொன்னார். மிலிட்டரிக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா மேல தப்பில்லீங்க மாப்ள. உங்க கம்பெனியைப் பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும்."

தப்பு யார்மேல் என்றாலும் சரக்கு சரக்குதான். காலருக்கும் பட்டனுக்கும் என்று முன்பக்கம் நெஞ்சு வரைக்கும் வெட்டின துணியை ரவுண்ட் நெக்காக மாற்ற முடியாது. ஒரு நாளில் புதிதாகத் தைக்கவும் முடியாது. கர்னல் முன்னால் இந்த மனுசன் கொடுத்த வாக்கு என்னால் போயிற்று.

மிலிட்டரிக்காரர் பெட்டியிலிருந்து எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனை எடுத்தார். அந்தப் பக்கம் கர்னல் குரல் கேட்டதும் பேக்கிங் செக்‌ஷன் நடுவில் விறைத்து நின்றார். அவரைப் பார்த்து எங்கள் மேனேஜர்களும் விறைத்தார்கள். பேச்செல்லாம் இந்தி. எங்கள் அயர்ன் மாஸ்டர் பீகார்க்காரர், அவர்தான் கிசுகிசுவென்று தமிழில் சொன்னார்.

"பெரிய ஆபீசர் திட்டுது... இன்னும் திட்டுது... இப்ப இவர் சாப்பாடு பத்தி சொல்லுது."

"சாப்பாடா?" என்றேன்.

"விழா அன்னிக்கு ஆபீசர் எல்லாம் பரிமாறுமாம், ஜவான் உக்காந்து சாப்பிடுமாம். அதான் அங்க வழக்கமாம். அன்னிக்கு ஜவான்தான் விருந்தாளி, விருந்தாளிக்குக் காலர் இருக்கட்டும், கரண்டி பிடிக்கறவனுக்கு வட்டக் கழுத்து போதும் சாப்னு சொல்லுது." போன் பக்கம் காதைச் சாய்த்தார். "சத்தம் நின்னுபோச்சு... இப்ப சிரிக்குது."

போனை வைத்தபோது மிலிட்டரிக்காரர் முதுகெல்லாம் வேர்வை. "ஒத்துக்கிட்டாருங்க்கா" என்றார்.

எல்லோரும் கலகலப்பானார்கள். எனக்குத்தான் அப்போது உறைத்தது. கரண்டி பிடிக்கிற அறுபது பேரில் இவரும் ஒருத்தர். ஓடிப்போய் அலமாரியிலிருந்து சாம்பிளுக்குத் தைத்த ஒரு காலர் டிஷர்ட்டை எடுத்து வந்தேன். அவர் சைஸ்தான்.

"இது கணக்குல இல்லீங்க. நீங்க போட்டுக்குங்க."

வாங்கிப் பார்த்தார். காலரை ஒருதரம் நீவிவிட்டார். பிறகு மடித்து என் கையிலேயே வைத்தார்.

"கர்னலே வட்டக் கழுத்துல நிக்கறப்ப நான் காலரைத் தூக்கிட்டு நின்னா, எங்க பசங்க ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓட்டுவாங்க்கா. வேண்டாமுங்க."

வண்டி வந்தது. லோடு ஏற்ற யாருமில்லை. மிலிட்டரிக்காரர் ஒரு பார்வைதான் பார்த்தார். பதினாலு மேனேஜரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கினோம்.

நாலைந்து நாள் கழித்து போன் பண்ணினார். நான் பயந்துகொண்டே, "எப்படிங்க ஆச்சு?" என்றேன்.

"அடுத்த வருசமும் இதே மாதிரித் தப்பா அடிச்சுத் தரச் சொன்னாருங்க்கா கர்னல். பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு, 'இந்தாப்பா, இங்க ஒரு பூரி'ன்னு அவரையே மூணு தடவை கூப்புட்டாங்க."

"உங்களுக்குத்தான் மனசு கஷ்டமாயிருந்திருக்கும்."

"எனக்குப் பாயச வாளியைக் குடுத்துட்டாங்க்கா. எழுநூத்திச் சொச்சம் பேருக்கு ஊத்தி முடிக்கறப்ப கழுத்து வரைக்கும் பாயசம். காலர் இருந்திருந்தா அதுவும் பாழாப் போயிருக்கும்."