மடவை மீனுக்குள் இருந்த பூச்சி

பிரேசர் டவுன் மீன்கடையில் ஒரு மடவையின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவில் வெள்ளைப் பூச்சி ஒன்று உள்ளே ஒட்டியிருந்தது. "பயப்படாதீங்கக்கா, முகத்துவாரத்து மீன்ல இதெல்லாம் இருக்கும்" என்றார் கடைக்காரர். பயமில்லை, சின்ன வயதில் இதே பூச்சியைப் பார்த்த ஒரு நாளின் நினைப்பில் எனக்கு முகம்தான் சுட்டது.

அத்தையின் கல்யாணப் பேச்சு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஜோகுபாளையத்து வீட்டில் முதன்முதலாகக் கை நனைக்க வந்த நாள் அது. அப்பா தன் சொந்த ஊரான கடலூருக்கே போய், ஆறு கடலில் சேரும் இடத்தில் பிடித்த மடவையை ஐஸ் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பெரிய மனிதருக்கு மீன் தலை வைப்பது எங்கள் மரியாதை. தலை உடைந்துவிடக் கூடாதென்று அப்பா செவுளைக்கூட அம்மாவைக் கிள்ளவிடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா அந்தத் தலையைப் பிட்டதும், வெந்த பூச்சி குழம்போடு இலையில் விழுந்தது.

முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைப்பவர்கள் உண்டாம். அம்மாவால் அந்தச் சின்னப் பூச்சியை மறைக்க முடியவில்லை.

"ஆத்து மீனுங்க சம்பந்தி, பூச்சி இருந்தாதான் புதுசு" என்று அப்பா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் மீன் வாங்கும் போதெல்லாம், "உங்க அண்ணன் ஊரு மீனாம்மா? நல்லா உதறிட்டுக் கழுவு" என்பாராம் அத்தையின் மாமியார். அது காதில் விழுந்த பிறகு, தங்கை வீட்டுக்குப் போனால் அப்பா வாசலிலேயே ஆப்பிள் பையை நீட்டி, "சாப்ட்டுதாம்மா வந்தோம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் பசிக்கும்.