முன்வாசல் வழியாக வந்த அண்ணன்

லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே மலையடிவாரத்தில் மான்டே கிளாரோ குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்த வருஷங்களில், அங்கே வீடு வாங்குவது ஹசிந்தா சல்சீடோவின் ஆசையாக இருக்கவில்லை. அவள் கணவன் லியாந்த்ரோவின் ஆசை அது. நகரத்தில் கடிகாரக் கடை வைத்திருந்தவன். வெள்ளைத் தோல், சுத்தமான ஆங்கிலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிராமில் ஏறிப் போய், புது வீடுகளை வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருவான்.

எல்லாமே ஸ்பானிஷ் பாணி வீடுகள். சொரசொரப்பான வெள்ளைச் சுவர், சிவப்புக் குழல் ஓடு, வளைந்த முன்வாசல், ஜன்னலுக்குச் சுருள் சுருளாக இரும்புக் கம்பி. நேற்று எழுப்பிய சுவர் இருநூறு வருஷம் பழையதாகத் தெரிய வேண்டும். வாங்க வருகிறவர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

ஒருநாள் ஹசிந்தாவையும் கூட்டிக்கொண்டு விலை கேட்கப் போனான். விற்பனைக்காரன் அவனை ஒரு பார்வை பார்த்தான். "இங்க மெக்சிகோக்காரங்களுக்கு வீடு கொடுக்கிறதில்ல சார். பத்திரத்துலயே போட்டிருக்கு. நீங்க ஸ்பெயின்காரர்தானே?"

"ஆமா" என்றான் லியாந்த்ரோ.

அவன் பிறந்தது மெக்சிகோவில், சொனோராவில். ஹசிந்தாவும் அதே ஊர்தான். அவள் தலை குனிந்து கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

இரண்டு பெண் குழந்தைகளோடு குடிவந்த பிறகுதான் வீடு அவளை வசப்படுத்தியது. வாசலைத் தாண்டியதும் இரண்டு படி இறங்கும் கூடம். மேலே கறுத்த உத்திரங்கள். நடுமுற்றத்தில் நீலமும் மஞ்சளுமாக ஓடு பதித்த சின்ன நீர்த்தொட்டி. சாயங்கால வெயில் வளைவுக்குள் நுழைந்து எதிர்ச் சுவரில் விழும்போது, செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நிற்பாள்.

அந்தச் சுவரைப் பூசியவன் அவள் அண்ணன் எவாரிஸ்தோ. அந்தத் தெருவில் பாதி வீடுகளுக்கு அவன் இருந்த கூட்டம்தான் பூச்சு வேலை செய்தது. கல்யாணம் ஆகாதவன். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வாடகை அறையில் இருந்தான். கறுத்த, அகன்ற முகம். அவனை ஸ்பெயின்காரன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் வேலை உடுப்போடு, பக்கவாட்டுச் சந்து வழியாகத்தான் தங்கையைப் பார்க்க வருவான். சமையலறைப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவான்.

"உள்ள வந்து உக்காருண்ணே" என்பாள் ஹசிந்தா, குரலைத் தாழ்த்தி.

"வேணாம்மா. உங்க ஊட்டுக்காரரு ஸ்பெயின் ராஜா பரம்பரை. நான் உள்ள வந்தா கிரீடம் சாஞ்சிரும்." சிரித்துக்கொண்டே பீன்ஸை வழித்துச் சாப்பிடுவான். "ஒண்ணு பாரு, இந்த வீட்ட ஸ்பானிஷா கட்டுறதுக்கு மட்டும் நாம வேணும்."

ஒருநாள் அவன் கை கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுத் திருமதி வீலாக் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"உங்க பூச்சு வேலைக்காரன் நல்லா செய்வான் போலிருக்கே? எங்க பின்சுவர் வெடிச்சிருக்கு, கொஞ்சம் வரச் சொல்றீங்களா?"

அண்ணன் பத்தடி தூரத்தில் நின்றான். ஹசிந்தாவின் வாயிலிருந்து, "கேட்டுச் சொல்றேங்க" என்று வந்தது.

எவாரிஸ்தோ தொப்பியைத் தொட்டு அந்த அம்மாளுக்கு வணக்கம் சொன்னான். அடுத்த வாரமே வந்து அந்தச் சுவரைப் பூசிக் கொடுத்தான். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஹசிந்தாவும் பேசவில்லை. அதற்குப் பிறகு அவன் வருவது குறைந்தது.

பஞ்ச காலம் வந்தது. கட்டட வேலை நின்றது. மெக்சிகோக்காரர்களை ரயில் ஏற்றி எல்லைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எவாரிஸ்தோ அதற்குத் தப்பி, கிடைத்த கூலி வேலைக்கெல்லாம் போனான். ஒரு தேவாலயக் கோபுரத்தைப் பழுது பார்க்கையில் சாரம் சரிந்தது. ஹசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முகம் வரை துணி போர்த்தியிருந்தார்கள். நகக்கண்ணில் சுண்ணாம்பு அப்படியே இருந்தது.

சவத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. அவன் அறையில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம்.

"சவ அடக்கக் கடையிலேயே ஒரு ஹால் இருக்கு" என்றான் லியாந்த்ரோ. "மரியாதையா செஞ்சிரலாம்."

"நம்ம கூடத்துல வைப்போம்."

"ஹசிந்தா, யோசிச்சுப் பேசு. கிழக்குப் பக்கத்து ஜனமெல்லாம் வரும். தெருவே பாக்கும்."

"பாக்கட்டுங்க."

"வீடு போயிரும்."

"எங்கண்ணன் ஒருநாளாவது அந்தக் கூடத்துல உக்காந்தானா? சொல்லுங்க." அவள் குரல் உயரவில்லை. "உசிரோட இருந்தப்ப படியில வச்சுச் சோறு போட்டேன். இப்பவும் சந்து வழியா கொண்டுபோகச் சொல்றீங்களா?"

லியாந்த்ரோ எழுந்தான். நாற்காலிகளை நகர்த்தி இடம் பண்ணத் தொடங்கினான்.

மறுநாள் பிற்பகலில் பெட்டி வந்தது. தெருவைப் பார்த்த மாத்திரத்தில் தூக்கி வந்தவர்கள் பக்கவாட்டுச் சந்தை நோக்கித் திரும்பினார்கள். ஹசிந்தா கறுப்புத் துணி போட்டுக்கொண்டு முன்வாசலில் நின்றாள். "இப்படி வாங்க" என்று வளைவுக் கதவை விரியத் திறந்தாள். பெட்டி இரண்டு படி இறங்கிக் கூடத்துக்குள் போனது.

பொழுது சாய்வதற்குள் வீடு நிறைந்துவிட்டது. பூச்சுக்காரர்கள், ஓடு பதிப்பவர்கள், மண் வெட்டுகிறவர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள். ஈயப் பானைகளில் டமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஜெபமாலை சொல்லும் குரல் முற்றத்தைத் தாண்டித் தெரு வரை கேட்டது. கிழவர் ஒருவர் சுவரைத் தடவிப் பார்த்து, "இது அவன் கை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

திருமதி வீலாக் வாசல் வரை வந்தாள். பெட்டிக்குள் இருந்த முகத்தைக் கண்டு திகைத்தாள்.

"இது உங்க வேலையாள் இல்லையா?"

"என் கூடப் பிறந்த அண்ணன்" என்றாள் ஹசிந்தா. "உள்ள வாங்க."

அந்த அம்மாள், "ரொம்ப வருத்தமா இருக்கு" என்று முணுமுணுத்தாள். வாசலைத் தாண்டவில்லை. திரும்பிப் போய்விட்டாள்.

குடியிருப்புச் சங்கம் வழக்குப் போட்டது. நீதிபதி பத்திரத்தில் உள்ளபடி தீர்ப்புச் சொன்னார். மழை தொடங்குமுன் சல்சீடோ குடும்பம் வெளியேறியது. மகள்கள் இருவரும் முற்றத்துத் தொட்டியைப் பார்த்து அழுதார்கள்.

நகரத்தின் கிழக்குப் பக்கம், பாயில் ஹைட்ஸ் பகுதியில் ரயில் பாதையோரம் ஒரு மரவீடு கிடைத்தது. சரக்கு வண்டி போனால் தட்டுகள் கிடுகிடுக்கும். லியாந்த்ரோ வெகு காலம் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடையில் ஸ்பெயின்காரர் என்று நினைத்து வந்துகொண்டிருந்தவர்கள் வராமல் போனார்கள். அக்கம்பக்கத்துப் பூச்சுக்காரர்கள் தங்கள் பழைய கடிகாரங்களைக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பல பழுதில்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஏன் கொண்டுவருகிறார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. ஒருநாள் சாப்பிடும்போது, "நல்ல மனுஷங்க" என்றான். அதற்கு மேல் அவனால் சொல்ல முடியவில்லை. ஹசிந்தா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மகள்கள் வளர்ந்த பிறகு, அந்த வீட்டை விட்டது வருத்தமில்லையா என்று மூத்தவள் ஒருமுறை கேட்டாள். ஹசிந்தா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"வருத்தம் இல்லாம இருக்குமா? அழகான வீடு அது."