யோகன் அண்ணை எடுத்த கல்லுப் படங்கள்

கியூபெக்கின் புரோசார்ட்டில் ஒரு துணிக்கடை. வயிற்றைக் கேட்காமல் பழைய அளவை நம்பி எடுத்த காற்சட்டை, முழங்காலுக்கு மேலே ஏற மறுத்து நிற்கிறது. உடை மாற்றும் அறையின் கதவுக்குக் கீழால் மகள் போனைத் தள்ளினாள். "அப்பா, மலர் மாமி. அழுறா."

யோகன் அண்ணை இறந்த செய்தியை அந்தக் கோலத்தில்தான் கேட்டேன். மாரடைப்பு. தேத்தண்ணி கேட்டவர், மனைவி மலர் அக்கா கொண்டு வருவதற்குள் சரிந்துவிட்டாராம்.

லாசாலில் பாண் பேக்கரியில் எங்களோடு வேலை செய்த உங்களுக்கு அவரைத் தெரியும். பெட்டி அடுக்குவதில் யார் பிந்தினாலும் அந்தப் பெட்டிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். "ஆறுதலாய்ச் செய், பாண் எங்கையும் ஓடாது" என்பார். அவர்தான் சனி ஞாயிறும் ஓடினார்.

மலர் அக்காவுக்கு ஒரே ஆசை. கியூபெக் நகரத்துக்கு அப்பால், பனியாறு குடைந்துவிட்டுப்போன மலைப் பள்ளத்தாக்கில் ஒருநாள் இருவருமாக நடக்கவேண்டும். "பென்ஷன் எடுத்தாப் பிறகு" என்று இருபது வருஷம் தள்ளியவர், போன மாதம் கூட்டிப்போனார். கார் ஓட்டி நான். மூன்று பேருக்குப் பத்துப் பேரின் புட்டு. அந்தப் புட்டுப் பெட்டியையும் அவரே தூக்கினார்.

அக்கா ஆற்றோரமாகச் சின்னப்பிள்ளைபோல முன்னால் போனா. அண்ணை அடிக்கடி நின்று போனில் படம் எடுத்தார். எட்டிப் பார்த்தேன். கல், மண், தன் சப்பாத்து. முகம் சாம்பலாக இருந்தது, மூச்சு வாங்கியது.

"அண்ணை, திரும்புவம்."

"அவளிட்டைச் சொல்லாதை. இண்டைக்குத் திரும்பினால் இனி ஒருநாளும் வரமாட்டாள். திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறன்."

பெட்டியை வாங்கிக்கொண்டேன். பிறகு ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்குவதுபோல முழங்காலைப் பிடித்தபடி நான் உட்கார்ந்தேன், அவர் இளைப்பாறட்டும் என்று. அதிகம் நடிக்கத் தேவைப்படவில்லை.

"பென்ஷன்காரர் நிமிர்ந்து நிக்கிறார், நீ சரிஞ்சு கிடக்கிறாய்!" என்று அக்கா சிரித்தா. அண்ணையும் சிரித்தார், சத்தம் வரவில்லை.

திங்கட்கிழமை அவர் போகவில்லை. போனீங்களோ என்று நானும் கேட்கவில்லை.

அவர் அனுப்பிய பதினொரு படங்களும் என் போனில் இருக்கின்றன. ஒன்றில்கூட மலை இல்லை. அழிக்கமாட்டேன்.

கிரியை முடிந்து அக்கா என் கையைப் பிடித்தா. "அவ்வளவு தூரம் நடந்த மனுசன், தம்பி. ஒருக்காலும் களைக்கேல்லை. உனக்குத்தானே மூச்சு வாங்கினது?"

"ஓம் அக்கா," என்றேன். "எனக்குத்தான்."

மூச்சு வாங்கினது அவருக்கு, அது எனக்கு அன்றே தெரியும் என்பதை மட்டும் சொல்லவில்லை.