மதிலில்லா வாசலும் வாசலில்லா மதிலும்

வாசகரே, மலாக்காச் சாலையொன்றில் ஓடிய காருக்குள் என் மேடைப் பேச்சின் மிகச் சிறந்த பத்தி உயிரிழந்ததற்கு உங்களையே சாட்சியாக அழைக்கிறேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரான மஸ்ஜித் தானாவிலிருந்து புறப்பட்டோம். மலாக்கா நகரின் தெங்கேரா மண்டபம் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். அங்கே இருவர் அணிகளுக்கான அறிவியல் பேச்சுப் போட்டி. எங்கள் தலைப்பு, ‘உயிரணுவுக்குள் உயிர்வளி’; அதாவது செல்லுக்குள் ஆக்சிஜன் எப்படிப் போகிறது என்பது. ஒருவர் பேச வேண்டும்; நடுவர்களின் கேள்விகளுக்கு மற்றவர் விடையளிக்க வேண்டும். மேடை எனது, கேள்விகள் என் அணித்தோழி தாரணிக்கு. காரை ஓட்டியவர் அவருடைய மாமா.

சுங்கை ஊடாங்கைக் கடந்ததும் ஒத்திகை தொடங்கினேன். “உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு ஒரு கோட்டை. அதன் வாசலில் காவலன் நிற்கிறான். உயிர்வளியே வந்தாலும் நிறுத்தி, விசாரித்து…”

“நிறுத்து லா,” என்றார் தாரணி. “உயிர்வளிக்கு அங்க வாசலே இல்ல. சர்க்கரைக்கும் உப்புக்கும்தான் கதவு வேணும்.”

“கேக்க எவ்வளவு கம்பீரமா இருக்கு பாரு.”

“நீ கம்பீரமா சொல்லிட்டு உக்காந்துருவ. அந்தப் பொய்ய நின்னு தற்காக்கப் போறது நான்.”

“சவ்வப் பத்திப் பேசச் சொன்னா, தம்பி சவ்வு மாதிரி இழுக்குது,” என்றார் மாமா.

கிளேபாங்கில் பசியாறினோம். ரொட்டி சானாய் என்னும் எங்களூர்ப் பரோட்டா ஒன்று ஒன்றரை ரிங்கிட். நான் இன்னும் இணங்கவில்லை. தாரணி என் குழம்புக் கிண்ணத்தைச் சுட்டினார். “சிவப்பு எங்க இருக்கு?”

மேலே மிதந்த எண்ணெயில். மிளகாயின் நிறம் எண்ணெயில் கரையும், நீரில் கரையாது. சவ்வின் நடுப்பகுதியும் கொழுப்பே. உயிர்வளி மிகச் சிறியது, மின்னூட்டமற்றது. ஆகவே அக்கொழுப்பிலேயே கரைந்து, மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் பரவுகிறது. உயிரணு அதை ஓயாமல் செலவழிப்பதால் உள்ளே எப்போதும் குறைவு, வரத்தும் நிற்பதில்லை. தள்ளிவிட ஆளும் வேண்டாம், ஆற்றலும் வேண்டாம்.

என் காவலனுக்கு வேலை போயிற்று. மாற்றுக்கு என்ன செய்வது?

நேரம் இருந்ததால் மாமா நகருக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். பழைய போர்த்துகீசியக் கோட்டையின் மதில்கள் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டன. வாசல் மட்டும் தனியே நிற்கிறது. “கோட்டையே இல்ல. ஒன் காவலன் எதக் காப்பான் தம்பி?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வரி கிடைத்துவிட்டது.

மேடையேறி முழங்கினேன்: “மலாக்காவில் மதிலில்லாத வாசல் ஒன்று உண்டு. நம் ஒவ்வோர் உயிரணுவைச் சுற்றியும், உயிர்வளிக்கு வாசலே தேவைப்படாத மதில் ஒன்று உண்டு.” அரங்கம் கைதட்டியது, அதில் எனக்கு வியப்பில்லை.

வியப்பு பிறகே வந்தது. “அப்படியானால் வேண்டாத வளியும் நுழையுமே?” என்று மடக்கினார் ஒரு நடுவர்.

“நுழையும், ஐயா,” என்றார் தாரணி. “கொழுப்பில் கரையும் சிறு வளிகளைச் சவ்வு தடுப்பதில்லை. கார்ப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடும் இப்படித் தடையின்றி நுழைந்துதான் உயிரைப் பறிக்கிறது.”

எனக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல் அது.

கோப்பை எங்கள் கைக்கு வந்ததும் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். “இழுக்காத தம்பி,” என்று கூட்டத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. சுருக்கமாகவே சொன்னேன்: “அடுத்த போட்டியில் தாரணி பேசுவார். கேள்விகளுக்கு நான் நிற்பேன்.”