மூன்றாவது ரேக், இரண்டாவது டிராயர்

மருந்து படித்தவர்கள் அதற்கு மேல் எம்.பி.ஏ.வும் படித்தால் உருப்படுவார்களா என்று இப்போதெல்லாம் என்னிடம் வந்து கேட்கிறார்கள். முப்பது வருஷம் கவுண்டரில் நின்றவள், இவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைப்பு. முன்பென்றால் பட்டென்று சொல்லியிருப்பேன், வேறு வேலை இல்லையா என்று. இப்போது வாய் வருவதில்லை. எங்கள் ‘இன்னொருதரம்’ எம்.பி.ஏ. படித்த கதையையும், அவள் கையால் நடந்ததையும், அதில் என் பங்கையும் சொல்கிறேன்.

இன்னொருதரம் என்பது நாங்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். எங்கள் மருந்தகம் ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான்கு ஜன்னல், சுவர் முழுக்க ரேக்குகள், மூலையில் ஓயாமல் முனகும் ஒரு ஃப்ரிட்ஜ். ஒருவர் சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து நீலத் தட்டில் வைக்க வேண்டும். இன்னொருவர் அட்டையில் உள்ள பெயரைப் படித்து, சீட்டோடு ஒப்பிட்டு, பில் நகலின் ஓரத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் மருந்து வெளியே போகும். எங்களுக்கு அதோடு வேலை முடிந்தது. அவளுக்கு முடியாது. வாங்க வந்தவரையே படிக்க வைப்பாள்.

"பேரைப் படிங்க. ம், இன்னொரு தரம் படிங்க. அடுத்த மாசம் வாங்கும்போது அட்டை வேற மாதிரி இருந்தா வாயில போடாதீங்க, நேரா எங்கிட்ட வாங்க."

வரிசையில் நிற்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். நானும்தான் கடிப்பேன். பதினெட்டு வருஷம் அவள் இதை ஒரு நாளும் விட்டதில்லை.

எங்களுக்கு மேனேஜராக வருகிறவர்கள் எல்லாம் வெளியிலிருந்து வருவார்கள். அந்தப் பதவிக்கு எம்.பி.ஏ. கேட்பார்கள், மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கடைசியாக வந்தவர் அதற்கு முன் செருப்புக் கம்பெனியில் இருந்தவர். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். வந்த மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று யோசித்தார்.

"ராத்திரி இதை அணைச்சு வெச்சா கரன்ட் மிச்சமாகுமே. அந்த நேரத்துல யாரு ஐஸ் தண்ணி குடிக்கப் போறா?"

உள்ளே இருந்தது இன்சுலினும் தடுப்பூசியும். அன்றிலிருந்து அவர் ஃப்ரிட்ஜ் சார் ஆனார். நாங்கள் வாரக்கணக்காகச் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அன்று டீ குடிக்கும்போதே என்னிடம் சொன்னாள்.

"அக்கா, நான் எம்.பி.ஏ. சேரப் போறேன்."

"நாப்பது வயசுல உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?"

"அந்த நாற்காலில மருந்து தெரிஞ்ச ஒருத்தர் உக்காரணும் அக்கா. அதுக்கு அந்தப் பேப்பரைக் கேக்கறாங்க. வாங்கிட்டு வந்து குடுத்துட்டுப் போறேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவள் நிஜமாகவே சேர்ந்துவிட்டாள். சனி, ஞாயிறு வகுப்பு. அவள் மகளுக்கு அந்த வருஷம் பத்தாம் வகுப்பு. அம்மாவும் பெண்ணும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து படித்தார்கள். புருஷன் பஸ் டிப்போவில் மெக்கானிக். "பரீட்சை அவங்க ரெண்டு பேருக்கு, ஃபெயில் ஆகறது நான் வெக்கற குழம்பு" என்பார். மகள் கணக்கில் தொண்ணூற்று நான்கு வாங்கினாள். அம்மா நிதி நிர்வாகத்தில் நாற்பத்தொன்று. அந்த மார்க் பட்டியலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து நான் கிண்டல் செய்தேன். அவள் அதைக் கிழிக்கக்கூட இல்லை. இரண்டரை வருஷத்தில் முடித்துவிட்டாள்.

ஃப்ரிட்ஜ் சார் வேறு வேலைக்குப் போனார். நாற்காலி அவளுக்கே வந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினைந்து வயது சிறியவள், நேற்றுவரை என் பக்கத்து ஜன்னலில் நின்றவள், இன்றைக்கு மாடி அறையில் மேனேஜர். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய். அன்றிலிருந்து அவளை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவளுக்கு அது வலிக்கும் என்று தெரிந்தேதான் கூப்பிட்டேன்.

வந்ததும் ஒரு கடிகாரத்தை வைத்துக்கொண்டு எங்களையே அளந்தாள். ஒரு சீட்டுக்கு எத்தனை அடி நடக்கிறோம், வரிசையில் ஒருவர் எத்தனை நிமிஷம் நிற்கிறார். அப்புறம் ரேக்குகளை அடியோடு மாற்றினாள். அதிகம் போகிற மருந்து ஜன்னல் பக்கம், எப்போதாவது போகிறது பின்னால். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் ஃபோலிக் ஆசிட் பதினெட்டு வருஷமாக மூன்றாவது ரேக்கின் இரண்டாவது இழுப்பறையில் இருந்தது. அது முன்னால் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு வார மாத்திரை போனது. அதற்கு வாயில் நுழையாத நீளப் பெயர் ஒன்று உண்டு. மூட்டுவாதக்காரர்கள் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட்டுக்கொள்வது. கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றில் உள்ள குழந்தை போய்விடும். அதனால் அந்த இழுப்பறையில் சிவப்பு எழுத்தில் அவளே லேபிள் ஒட்டினாள். ஷிப்ட் மாறும்போதெல்லாம் அந்த அட்டைகளை எண்ணி ஒப்படைக்க வேண்டும் என்றும் விதி போட்டாள்.

எங்களுக்கு இரண்டு வாரம் பயிற்சி. கை பழைய இடத்துக்குப் போகும், திட்டிக்கொண்டே இழுத்துக்கொள்வோம். மூன்றாவது வாரத்தில் பழகிவிட்டது. நாற்பது நிமிஷம் நின்ற வரிசை பதினைந்து நிமிஷமாகக் குறைந்தது. என் முழங்கால் வலியும் குறைந்தது. அதை அவளிடம் சொல்ல மட்டும் எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு விதியும் வந்தது. போன் நம்பர் கேட்டுப் பதியாமல் பில் போடக்கூடாது.

"நாம என்ன கல்யாண புரோக்கரா மேடம், வர்றவங்க நம்பரையெல்லாம் சேத்து வெக்கறதுக்கு?"

"கேளுங்க அக்கா. என்னிக்காவது உதவும்."

ஒரு திங்கட்கிழமை. இரண்டு பேர் லீவு. காலை பத்து மணிக்கே வரிசை எக்ஸ்ரே அறையைத் தாண்டிவிட்டது. நானும் கண்ணாடிக்காரரும் மட்டும். கண்ணாடிக்காரர் எங்கள் மூன்றாவது ஆள், பேசவே மாட்டார். மேலேயிருந்து அவள் இறங்கி வந்தாள். ஆணியில் தொங்கிய பழைய வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு பக்கத்து ஜன்னலைத் திறந்தாள்.

"மேனேஜர் எடுக்கற மருந்தைச் சரிபாக்க நான் யாரு மேடம்?" என்றேன். வரிசையில் நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தாள். என்ன வேகம். வந்தவர்களின் முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி, நலம் விசாரித்துக்கொண்டே கை தன்பாட்டுக்கு எடுத்து வைத்தது. எத்தனை நாளாயிற்று இப்படி அவளைப் பார்த்து என்று எனக்கே ஆசையாக இருந்தது. பன்னிரண்டு மணிக்குள் வரிசை கரைந்தது. அவள் மேலே போய்விட்டாள்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும். வார மாத்திரையை எண்ணினேன். பதினெட்டு அட்டை இருக்க வேண்டும். பதினைந்துதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். இழுப்பறையையே உருவிப் பின்னால் பார்த்தேன். பதினைந்துதான். அன்றைக்கு வார மாத்திரைக்கு ஒரு சீட்டுகூட வரவில்லை. மேலே போய் அவளைக் கூட்டிவந்தேன்.

"நான் எடுக்கல" என்றார் கண்ணாடிக்காரர்.

"நானும் எடுக்கல. மூணாவது ரேக் பக்கமே இன்னிக்கு நான் போகல. அங்க முன்னாடி இருந்தது..." என்று ஆரம்பித்த நான் அப்படியே நிறுத்திவிட்டேன். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னேன். "ஒரு ஃபோலிக் ஆசிட் எடு."

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கையை நீட்டினாள். கை நேராக மூன்றாவது ரேக்குக்குப் போய், இரண்டாவது இழுப்பறையைப் பிடித்து இழுத்தது. பாதி திறந்ததும் சிவப்பு எழுத்து அவள் கண்ணில் பட்டது. இழுத்த கை அங்கேயே நின்றுவிட்டது.

நாங்கள் இரண்டு வாரம் பழகினோம். அந்த இரண்டு வாரமும் அவள் மாடி அறையில் ரேக் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தாள். இடம் மாறியது எல்லோருடைய கைக்கும் தெரியும், மாற்றியவளின் கைக்குத் தெரியாது. இரண்டு மாத்திரையும் குட்டி மஞ்சள் மாத்திரை, இரண்டுக்கும் வெள்ளி அட்டை.

காலை பில் நகல்களைப் புரட்டினோம். அவள் ஜன்னலில் ஃபோலிக் ஆசிட் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் போயிருந்தது. நான்காவது மாதம். முப்பது மாத்திரை, மூன்று அட்டை. பில்லின் ஓரத்தில் டிக் இருந்தது. டிக்குக்குப் பக்கத்தில் கையெழுத்தும் இருந்தது. அந்தக் கையெழுத்தின் வால் எனக்குத் தெரியாதா என்ன? என்னுடையதுதான்.

நான் படிக்கவே இல்லை. அவள் எடுத்ததை நான் என்ன படிப்பது என்று தட்டைத் தள்ளிவிட்டிருக்கிறேன்.

பில்லில் நம்பர் இருந்தது, நான் கிண்டல் செய்த அதே நம்பர். நாலு தடவை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை ஒரு ஆண் குரல். புருஷன். மனைவியின் போனை மாற்றி எடுத்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாராம். வீட்டில் வேறு போன் இல்லை. முகவரி வாங்கிக்கொண்டு, பிரசவ டாக்டருக்கும் தகவல் சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்தோம்.

ஆட்டோவில் அவள் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"மதியம் சாப்பிட்டதும் ஒண்ணு போட்டுக்கோங்கன்னு சொன்னேன் அக்கா."

அப்போது மணி இரண்டே முக்கால்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. என் முழங்கால் வலி அன்று எங்கே போனது என்று தெரியவில்லை. அந்தப் பெண் ஈரக்கையோடு கதவைத் திறந்தாள். தொட்டியில் சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது. சாப்பாடு முடிந்துவிட்டது.

"மாத்திரை போட்டீங்களா?" என்று இவள் கேட்டாள்.

"இல்லையே."

உள்ளே போய்க் கவரை எடுத்து வந்தாள். "அட்டையில பேர் வேற மாதிரி இருந்துச்சு. நாலு வருஷமா உங்ககிட்டதானே வாங்கறேன், மாறியிருந்தா வாயில போடாதீங்கன்னு நீங்கதானே சொல்லுவீங்க. நாளைக்கு வந்து கேக்கலாம்னு வெச்சேன். இன்னிக்கு என்னைப் படிக்கவே சொல்லலையே நீங்க, எனக்கு அதுவே ஒரு மாதிரி இருந்துச்சு."

முப்பதும் அப்படியே இருந்தன. இவள் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள், என்ன மருந்து, அது என்ன செய்யும், கொடுத்தது யார் என்று. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. வயிற்றில் கை வைத்தபடி சுவரோரம் நகர்ந்தாள். எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அப்புறம் மேலிடம் என்ன செய்தது என்பது பெரிய கதையில்லை. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பதவி போகவில்லை. தினமும் முதல் ஒரு மணி நேரம் மேனேஜர் கவுண்டரில் நிற்க வேண்டும் என்று அவளே ஒரு விதி எழுதினாள், இன்றுவரை நிற்கிறாள். படிப்பு அவளைக் கெடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நம்பர் வாங்கச் சொன்னதும் அட்டையை எண்ணச் சொன்னதும் அதே படிப்புதான். என்னைக் கெடுத்தது எது என்று கேட்டால் அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. ஆனால் கேட்பவர்கள் அதைக் கேட்பதில்லை.

அன்று மாலை நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஆஸ்பத்திரி நிர்வாகி எங்களைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒண்ணும் ஆகலையே. அதை எதுக்குப் பேப்பர்ல ஏத்தறீங்க?"

"ஆகாதது அந்தப் பொண்ணோட புத்தியால சார். நம்மால இல்ல."

மாடி அறைக்குப் போய் தவறு அறிக்கை படிவத்தை எடுத்து எழுதினாள். எடுத்துக் கொடுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். காரணம் என்ற இடத்தில், "இடத்தை மாற்றியது நான். மாற்றிய இடத்தில் ஒரு நாளும் நின்று பழகாததும் நான்" என்று எழுதினாள். சரிபார்த்தவர் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான் ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். பில் நகல் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

"நீங்க கிளம்புங்க அக்கா. ஷிப்ட் முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு."

நான் கிளம்பவில்லை. அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி, காலிக் கட்டத்தில் என் பெயரை எழுதினேன். பக்கத்திலேயே, படிக்காமல் டிக் அடித்தேன் என்றும் எழுதினேன். தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு தாளை என் பக்கமே திருப்பி வைத்தாள்.

"இன்னொரு தரம் படிங்க அக்கா" என்றாள்.

நான் சத்தமாகப் படித்தேன்.