ஏற முடிகிற படகு

அத்தான் படகு வாங்கப் போகிறார் என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஐரோலியில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேனாக நிழலில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை? தாராவியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அத்தான் பெயர் தங்கபாண்டி. என் அக்கா பிச்சம்மாளின் கணவர். பதினேழு வயதில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, தோல் கிடங்கில் கொஞ்ச நாள் உப்புத் தேய்த்துவிட்டு, ஒரு விசைப்படகில் சமையலுக்கு ஏறினார். சோறு வடித்துக்கொண்டே வலை இழுக்கப் படித்து, அப்புறம் முழு நேரக் கலாசியாகிவிட்டார். படகில் வேலை பார்க்கிறவர்களை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பின்னாளில் தம்பி மாரீஸ்வரனையும் அதே படகில் சேர்த்துவிட்டார். மாரிக்கு ஆறு வயதில் தாய் செத்துப்போனாள். கல்யாணமாகி வந்த அக்காதான் சோறூட்டி வளர்த்தாள். கொழுந்தன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. எம்புள்ள என்றுதான் சொல்வாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலத் தடை முடிந்து கடலுக்குப் போன மூன்றாம் நாள், ஓர் அலை மாரியைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது. நீச்சல் தெரிந்தவன்தான். படகு திரும்பி வந்தது, அவனும் பக்கத்தில் நீந்தி வந்துவிட்டான். ஆனால் தண்ணீரிலிருந்து படகின் விளிம்பு ஆள் உயரத்துக்கு மேலே. போட்ட கயிறு ஈரக் கையில் வழுக்கியது. ரப்பர் பூட்ஸில் தண்ணீர் நிரம்பி இழுத்தது. அண்ணன் மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கத் தம்பி போய்விட்டான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

அக்கா அழவில்லை. பதினாறாம் நாள்கூட அழவில்லை. "இனி நீங்க படகுல கால வச்சா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். அத்தானும் ஐரோலிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார். போன மாதம் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான் என்று சொல்லியிருக்கிறார். அக்கா ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, "படக நான் பாக்கணும். நான் சரின்னாத்தான் வாங்கணும். இல்லன்னா பேச்ச விட்டுரணும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செம்பூர் தாண்டி மாகுல் கழிமுகத்துக்கு மூன்று பேரும் போனோம். பழைய படகு விற்றுக் கொடுக்கிற முகம்மது ஹனீப், கடல் தண்ணீர் ஏறியிருந்த கரையோரத்தில் இரண்டு ஃபைபர் படகுகளைக் கட்டி வைத்திருந்தார். ஒன்று நீளம், உயரமான முகப்பு, புது மோட்டார். வெளிக்கடலுக்கே போகலாம். இன்னொன்று குட்டை. பெயின்ட் உரிந்து, விளிம்பு தண்ணீருக்கு மேல் ஒரு முழம்கூட இல்லாமல் படுத்துக் கிடந்தது. பெரிய அலை வந்தால் உள்ளே தண்ணீர் ஏறும்; கழிமுகத்துக்குள்ளேயே சுற்றி நண்டும் இறாலும் பிடிக்கலாம், அவ்வளவுதான்.

"அத்தான், பெருச எடுங்க. இதுல என்னத்தப் பிடிச்சுக் கிழிக்கப் போறீங்க?" என்றேன்.

அவர் மோட்டாரைப் பார்க்கவில்லை. அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்கவில்லை. சட்டையோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். கழுத்தளவுத் தண்ணீர், கீழே சேறு, காலை உந்த முடியாது. பெரிய படகின் விளிம்பைப் பிடிக்கக் கையை நீட்டி நீட்டிப் பார்த்தார். விரல்தான் பட்டது. போட் வாங்க வந்தாரா, குளிக்க வந்தாரா என்று ஹனீப் இந்தியில் என்னிடம் கேட்டார். எனக்கு மானம் போயிற்று. அடுத்துக் குட்டைப் படகுக்குப் போய், ஒரே மூச்சில் ஏறி உள்ளே விழுந்தார்.

"இதான்" என்றார்.

"எதுக்கு இந்தக் கூத்து?" என்று கத்தியேவிட்டேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்துச் சொன்னார். "படகு ஓரத்துல பழைய டயரு கட்டித் தொங்கும்லா. கரையில இடிபடாம இருக்க. கெளம்பையில அத மேல தூக்கிப் போட்டுருவோம், தண்ணியில இழுபட்டா ஓட்டுறவன் ஏசுவான். அன்னைக்குத் தூக்கிப் போட்டது நாந்தான் பிச்சம்மா. திரும்பக் கீழ போடணும்னு அந்நேரம் தோணவே இல்ல. ஒரு டயரு கிடந்திருந்தா மாரி அதப் பிடிச்சு ஏறியிருப்பான்."

இரண்டு வருஷமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நீங்க ஏறுனது கணக்கு இல்ல. நீங்க சோறு தின்னுட்டு வந்திருக்கீங்க. அவன் களச்சுப்போயிக் கிடந்தான்" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். நீச்சல் தெரியாதவள். நான் பதறிப்போய்க் கட்டுக் கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். கழுத்துவரை நின்று, கயிற்றை விட்டுவிட்டு, குட்டைப் படகின் விளிம்பைப் பிடித்தாள். முதல் தடவை வழுக்கியது. இரண்டாம் தடவையும் வழுக்கியது. அத்தான் தண்ணீருக்குள் குதித்து அவளைத் தாங்கப் போனார்.

"கைய எடுங்க. அவனுக்கு யாரு கை குடுத்தா?"

அவர் கையை எடுத்துவிட்டார்.

மூன்றாம் தடவை நெஞ்சை விளிம்பில் போட்டு, காலை உதறி, மூச்சு வாங்க வாங்க உள்ளே உருண்டாள். நனைந்த சேலையோடு பலகையில் உட்கார்ந்து அந்த விளிம்பை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"இதுல போங்க. நான் தடுக்கல."

அதற்கப்புறம்தான் அழுதாள். எம்புள்ள, எம்புள்ள என்று, ஹனீப் தலையைக் குனிந்துகொள்கிற அளவுக்கு அழுதாள். அத்தான் விளிம்பைப் பிடித்தபடி தண்ணீரிலேயே நின்றார். ஏறவில்லை.